என்ன தருவீர்கள்?

1999இல் தென்னாப்பிரிக்க அரசு இலவசமாகக் கொடுத்த ஆணுறைகளில் ஒரு பகுதி, விளக்கம் அச்சிட்ட அட்டையோடு சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்து விநியோகிக்கப்பட்டது. அந்தப் பின் அட்டையோடு ஆணுறையையும் துளைத்திருந்தது. விஷயம் தெரிந்ததும் திரும்பப் பெறச் சொன்னார்கள். எங்களுக்கு வந்த பெட்டிகளில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் கதை பெட்டிகளை முந்திக்கொண்டு வந்துவிட்டது. அதன் பிறகு யாரிடம் உறையை நீட்டினாலும் முதலில் அதைச் சூரிய வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். சிரித்துக்கொண்டேதான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, பாதிப் பேர் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

நான் திருச்சியில் நர்சிங் படித்தவள். கணவருக்கு டர்பன் துறைமுகத்தில் வேலை கிடைத்ததால் அந்த ஆண்டின் தொடக்கத்தில் அங்கே போனேன். என் நர்சிங் பதிவை அந்த நாட்டுக் கவுன்சில் ஏற்றுக்கொள்ளக் காலமாகும் என்றார்கள். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் எய்ட்ஸ் தடுப்புக் களப்பணிக்குச் சேர்ந்தேன். பதிவு வந்த பிறகும் அங்கேயே இருந்துவிட்டேன். எனக்கு ஜோடியாகப் போட்டவள் க்வாமாஷுவில் பிறந்து வளர்ந்த ஜூலுப் பெண், என்னைவிட மூன்று நான்கு வயது இளையவள். என்னை ‘ஸிஸி’, அதாவது அக்கா, என்பாள். அவள் பெயரையோ, இங்கே வரும் வேறு பெண்களின் பெயர்களையோ நான் எழுதப்போவதில்லை.

அவளுடைய ஊரில் நடந்தது நாடே அறிந்த கதை. 1998 டிசம்பர் முதல் தேதி, உலக எய்ட்ஸ் நாளன்று, குகு ட்லாமினி என்ற பெண் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதாக ஜூலு வானொலியில் வெளிப்படையாகச் சொன்னார். அந்த மாதம் முடிவதற்குள் க்வாமாஷுவில் ஒரு கும்பல் அவரை அடித்தே கொன்றது. ஊருக்கு அவமானம் தேடித் தந்துவிட்டாள் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதே டிசம்பரில் கேப் டவுனில் ஸாக்கி அக்மத்தும் நண்பர்களும் சிகிச்சை உரிமைக்கான இயக்கமொன்றைத் தொடங்கியிருந்தார்கள். எல்லோரும் அதை ‘டாக்’ என்றுதான் சொல்வோம். குகுவின் கொலைக்குப் பதிலாக அவர்கள் ஒரு பனியன் அச்சிட்டார்கள். நெஞ்சின் குறுக்கே ‘எச்.ஐ.வி. பாசிட்டிவ்’ என்று பெரிய எழுத்து. தொற்று உள்ளவர், இல்லாதவர் என்று வித்தியாசமில்லாமல் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். பின்னாளில் மண்டேலாவே அதைப் போட்டுக்கொண்டு நின்றார். என் ஜோடி மட்டும் போடமாட்டாள். “இதைப் போட்டுக்கொண்டு கேப் டவுனில் நடக்கலாம் ஸிஸி. எங்கள் தெருவில் என் அம்மா நடக்க வேண்டும்” என்பாள்.

டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில், லாரிகள் இரவு தங்கும் நிறுத்தங்கள்தான் எங்கள் முதல் களம். துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றிய வண்டிகள் மலையேறி வந்து நிற்கும். ஜிம்பாப்வே, ஜாம்பியா வரை போகிற வண்டிகள் அவை. குளிர் எலும்பில் இறங்கும் இடம். பெண்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு பெட்ரோல் பங்க் வெளிச்சத்துக்கு அப்பால் நிற்பார்கள். ஆணுறை இல்லாமல் என்றால் டிரைவர் கூடுதலாகக் கொடுப்பார். அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு வாரத்து மக்காச்சோள மாவு வந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டு அவர்கள் முன் மரத்தாலான மாதிரி உறுப்பை நீட்டி ஆணுறை மாட்டிக் காட்ட எனக்குக் கூச்சமாக இருக்கும். உடலைப் பற்றிய கூச்சம் சில வாரங்களில் போய்விட்டது. பசியோடிருப்பவர்களுக்கு நான் வகுப்பெடுக்கிறேனே என்ற கூச்சம் போகவில்லை.

டர்பனில் நுண்ணுயிர்த் தடுப்புக் களிம்புகளை ஆய்ந்துவந்த கீதா ராம்ஜியும் அவருடைய குழுவும் இந்த நிறுத்தங்களில் டிரைவர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 56 பேருக்குத் தொற்று இருந்தது. பொதுமக்களிடையே நிலைமை எப்படி என்றால், அரசு மகப்பேறு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளிடம் எடுத்த கணக்கு 1990இல் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 2000இல் நாடு முழுக்க 24.5 விழுக்காடு. எங்கள் க்வாஜூலு-நட்டாலில் 36.2. பிரசவ வார்டில் வரிசையாகக் கட்டில்களைப் பார்த்து நடக்கும்போது மனம் தானாக மூன்றால் வகுக்கத் தொடங்கிவிடும்.

எங்கள் கையில் இருந்த செய்தி மூன்று சொல்லில் அடங்கிவிடும்: விலகியிரு, விசுவாசமாயிரு, உறை அணி. மலைக் கிராமமொன்றில் தேவாலயக் கூட்டம் முடிந்த பிறகு இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாள் கையை உயர்த்தினார். “நான் விசுவாசமாகத்தான் இருக்கிறேன், மகளே. என் புருஷன் சுரங்கத்தில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு வருவார். இதையெல்லாம் அங்கே போய்ச் சொல்லேன்.” கூட்டம் சிரித்தது. நான் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்து கடைசியாகச் சிரித்தேன். ஆண்களைப் பிழைப்புக்காகப் பதினொரு மாதம் ஊரை விட்டு ஒதுக்கிவைத்த பழைய நிறவெறி ஏற்பாடு, சட்டப் புத்தகத்திலிருந்து போன பிறகும் நடைமுறையில் அப்படியே இருந்தது. அதற்கு எங்களிடம் துண்டுப் பிரசுரம் இல்லை.

இன்னொரு கேள்வி எல்லா இடத்திலும் வரும். லாரி நிறுத்தத்திலும் வந்தது, கிளினிக் திண்ணையிலும் வந்தது. “பரிசோதனை செய்துகொள் என்கிறீர்கள். இருக்கிறது என்று தெரிந்தால் என்ன தருவீர்கள்?” அந்த ஆண்டுகளில் நேர்மையான பதில், ‘ஒன்றுமில்லை’. காய்கறி சாப்பிடுங்கள், காச நோய்க்கு மருந்து உண்டு, மனத்தைத் தளரவிடாதீர்கள். சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவோம். பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், மக்கள் பரிசோதனைக்கு வராததற்குக் காரணம் களங்க உணர்வு, அறியாமை, பண்பாட்டுத் தடை என்றெல்லாம் பட்டியல் போடுவார்கள். எனக்கு அதில் ஒருநாளும் முழு நம்பிக்கை வந்ததில்லை. தெரிந்துகொண்டால் வேலை போகும், கணவன் போவான், குகு ட்லாமினிக்கு நடந்ததும் நடக்கலாம். தெரியாமலிருந்தால் இவை எதுவும் நடக்காது. கணக்கு தெரிந்தவர்கள்தான் பரிசோதனைக்கு வராமலிருந்தார்கள்.

2000 ஜூலையில் உலக எய்ட்ஸ் மாநாடு டர்பனுக்கு வந்தது. மௌனத்தை உடைப்போம் என்பது அதன் முழக்கம். வளரும் நாடொன்றில் அது முதன்முறையாக நடக்கிறது என்று நகரம் முழுக்கத் தோரணம். தொடக்க விழா கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தில். அன்று மதியம் நகர மண்டபத்திலிருந்து புறப்பட்ட பேரணியில் நாங்களும் நடந்தோம். பிறகு மைதானத்தில் பின்வரிசையில் இடம்பிடித்தோம். கடல் காற்றில் நடுங்கிக்கொண்டிருந்தோம். அதிபர் தாபோ எம்பெக்கி பேச எழுந்தார். எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி. காரணமா என்பதையே கேள்விக்குள்ளாக்கியவர்களை அவர் அந்த ஆண்டு தம் ஆலோசனைக் குழுவில் உட்காரவைத்திருந்தார். அதனால், இன்றாவது ‘ஆம், இந்தக் கிருமிதான்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடமாட்டாரா என்று அரங்கமே காத்திருந்தது. அவர் வறுமையைப் பற்றிப் பேசினார். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய அறிக்கை ஒன்றிலிருந்து நீளமாக வாசித்தார். எல்லாவற்றுக்கும் ஒரே கிருமியைக் குற்றம் சொல்லிவிட முடியாது என்றார். வறுமையைப் பற்றி அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. லாரி நிறுத்தத்தில் நாங்கள் தினமும் பார்த்த உண்மை. அதனால்தான் என் ஆத்திரம் இரட்டிப்பானது. ஓர் உண்மையைத் தூக்கி இன்னோர் உண்மையை அடிக்கப் பயன்படுத்தினார்.

பிறகு என்கோசி ஜான்சன் வந்தான். பதினொரு வயது, பார்க்க ஏழு வயதுதான் சொல்லலாம். பிறவியிலேயே தொற்று. தோளில் தொங்கிய கருநிறக் கோட்டு, காலில் கேன்வாஸ் ஷூ, கையில் மைக். கர்ப்பமாக இருக்கும் தாய்மார்களுக்கு அரசு மருந்து கொடுக்கத் தொடங்க வேண்டும், அப்போதுதான் குழந்தைகளுக்குப் போகாது என்று சொன்னான். அவன் பேசி முடிப்பதற்குள் அதிபர் எழுந்து போய்விட்டார். பக்கத்தில் என் ஜோடி அதைக் கவனித்து என் முழங்கையைப் பிடித்தாள். அடுத்த ஆண்டு ஜூன் முதல் தேதி அந்தப் பையன் இறந்தான்.

அதே மாநாட்டில் எங்கள் லாரி நிறுத்தப் பெண்களைப் பற்றியும் ஒரு செய்தி வந்தது. நோனாக்ஸினால்-9 என்ற களிம்பை உறவுக்கு முன் பெண்களே உபயோகித்துக்கொண்டால் தொற்றைத் தடுக்குமா என்று பல நாடுகளில் பாலியல் தொழிலாளர்களிடம் ஆய்வு நடந்துவந்தது. அதன் ஒரு பகுதி க்வாஜூலு-நட்டால் லாரி நிறுத்தங்களிலும் நடந்தது. ஆணிடம் அனுமதி கேட்க வேண்டாத ஒரு பாதுகாப்பு என்பதால் அந்தப் பெண்களுக்கு அதன்மேல் பெரிய நம்பிக்கை. முடிவு நேரெதிராக இருந்தது. களிம்பு போட்டுக்கொண்டவர்களிடையே தொற்று கூடுதல். அதைக் கேட்டு ஒரு பெண் போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்: “சரி, அதுவும் போச்சா. இப்போ உங்க கையில மறுபடி அந்த மரக்கட்டைதான்.”

தாயிடமிருந்து குழந்தைக்குப் போகாமல் தடுக்க நெவிரபின் என்ற மருந்து இருந்தது. பிரசவ வலி எடுத்ததும் தாய்க்கு ஒரு மாத்திரை. பிறந்த மூன்று நாளுக்குள் குழந்தைக்குச் சில சொட்டு மருந்து. இவ்வளவுதான். தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்று 1999இலேயே உகாண்டா ஆய்வு காட்டியிருந்தது. மருந்து நிறுவனம் ஐந்து ஆண்டுகளுக்கு இலவசமாகத் தருகிறேன் என்றது. அரசோ, மாகாணத்துக்கு இரண்டு என்று நாடு முழுவதும் 18 இடங்களில் மட்டும் கொடுத்துப் பார்ப்போம் என்றது. மற்ற அரசு மருத்துவமனை மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது.

நான் அந்த நாட்களில் போய்வந்த மருத்துவமனை அந்தப் பதினெட்டில் இல்லை. அங்கே பிரசவ வார்டில் ஒரு மூத்த சிஸ்டர். முப்பது ஆண்டு அனுபவம். கர்ப்பிணிக்குப் பரிசோதனை முடிவைச் சொல்வதற்காக என்னையும் உடன் உட்காரவைப்பார். சொல்லி முடித்ததும் அந்தப் பெண் கேட்பாள், “என் குழந்தைக்கு?” சிஸ்டர் ஒரு தாளை எடுத்து, மருந்து கிடைக்கும் இன்னொரு மருத்துவமனைக்கு எந்த டாக்ஸியில் போக வேண்டும், எங்கே மாற வேண்டும், எவ்வளவு கட்டணம் என்று எழுதுவார். வலி எடுத்த பிறகு இரண்டு டாக்ஸி மாறிப் போய்ச் சேர வேண்டும். இரவில் டாக்ஸி கிடையாது. சிலர் தேதிக்கு முன்பே போய் அந்த ஊரில் உறவினர் வீட்டுத் தரையில் படுத்துக் காத்திருந்தார்கள். பலருக்கு அந்த ஊரில் உறவினர் இல்லை. தாளை மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டு போவார்கள். ஓரிரு மாதத்தில் குழந்தையோடு தடுப்பூசிக்கு வருவார்கள். யாரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

டாக் இயக்கம் நீதிமன்றம் போனது. 2001 டிசம்பரில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம், மருந்தைக் கொடுக்க வசதியுள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் கொடு என்றது. அரசு மேல்முறையீடு செய்தது. அதற்கிடையில் ஜனவரியில் எங்கள் மாகாண முதல்வர் லயனல் ம்ட்ஷாலி, மத்திய அரசை எதிர்பார்க்காமல் நாங்கள் கொடுக்கப்போகிறோம் என்றார். அவர் ஆளுங்கட்சிக்குப் போட்டியான இன்காதாவைச் சேர்ந்தவர். அதில் அரசியல் இல்லாமலில்லை. எனக்கென்ன, மாத்திரை வந்தது. 2002 ஜூலை 5 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் இறுதித் தீர்ப்பைச் சொன்னது: பதினெட்டு இடங்களுக்குள் அடைத்துவைத்தது சாசனத்துக்கு விரோதம். அந்த வாரம் சிஸ்டர் டாக்ஸி விவரம் எழுதும் தாள்கட்டை மேசையிலிருந்து எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் எப்போதுமே அதிகம் பேசுபவரல்ல.

அந்த ஆண்டுகளில் சனிக்கிழமைகளில் நாங்கள் எந்தக் கூட்டமும் வைப்பதில்லை. சனிக்கிழமை அடக்க நாள். ஒரே தெருவில் இரண்டு மூன்று பந்தல் போட்டிருப்பார்கள். எந்தச் சாவுக்கு முதலில் போவது என்று குடும்பத்துக்குள் ஆள் பிரித்துக்கொள்வார்கள். மாதச் சந்தா கட்டி வந்த ஈமச்சங்கங்கள் பணம் தீர்ந்து கலைந்தன. போதகர், காச நோய் என்பார். நீண்ட உடல்நலக் குறைவு என்பார். ‘குறுகிய காலச் சுகவீனம்’ என்பார். சூனியம் வைத்துவிட்டார்கள் என்பவர்களும் உண்டு. வீட்டில் கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் பாட்டிமார்கள். கோகோ என்று அழைப்போம். மகளைக் குளிப்பாட்டக் கையுறை கிடைக்காமல் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு வேலை செய்த கோகோக்களைப் பார்த்திருக்கிறேன். அரசாங்கத்தின் எய்ட்ஸ் எதிர்வினை என்று ஆய்வுக் கட்டுரைகளில் படிக்கும்போதெல்லாம் அந்த ரொட்டிப் பைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஃபீனிக்ஸ், க்வாமாஷுவை ஒட்டிய ஊர். ஒரு பங்குனித் திருவிழாவில் மாரியம்மன் கோயில் வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுக்க நின்றேன். என் நெற்றிப் பொட்டைப் பார்த்து அன்போடு வந்தவர்கள், தாளைப் பார்த்ததும் விலகினார்கள். ஒரு பெரியவர் தனியே அழைத்து, “இது நம்ம சனங்களுக்கு வர்ற வியாதி இல்லேம்மா, அதுங்களுக்குத்தான்” என்றார். எனக்குத் தெரிந்தே அதே ஊரில் ஒரு தமிழ்க் குடும்பம், மகனுக்குப் புற்றுநோய் என்று சொல்லி அறையைப் பூட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. விடுமுறைக்குத் தமிழ்நாடு வந்தபோது சுவரெல்லாம் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். புத்திசாலித்தனமான விளம்பரம்தான். சிரித்தேன். வேடிக்கையாகக் கேட்க முடிந்த அளவில் இங்கே நோய் நின்றிருந்தது.

2003 ஆகஸ்டில் அமைச்சரவை இறங்கி வந்தது. நவம்பரில் திட்டம் ஒப்புதலானது. 2004இல் கூட்டுச் சிகிச்சை மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளுக்கு வந்தன. எதிர்ப்பு அணுக்களின் கணக்கு 200க்குக் கீழே போனவர்களுக்கு மட்டும். காலை ஏழு, மாலை ஏழு. உகோஸி வானொலியின் செய்தி மணியைக் கேட்டு மாத்திரை போட்டுக்கொள்வார்கள். தொடங்குவதற்கு முன் வகுப்புக்கு வர வேண்டும். கூடவே, விஷயம் தெரிந்த ஒரு துணையை அழைத்து வர வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் கையைக் குலுக்க வேண்டும். மாத்திரை வேண்டுமானால் ஒருவரிடமாவது சொல்லியாக வேண்டும். சொன்னார்கள். தங்கையிடம், பக்கத்து வீட்டுக்காரியிடம், தேவாலயத் தோழியிடம். சுமந்து வந்து இறக்கிய பெண், மூன்று மாதம் கழித்துத் தானே நடந்துவந்து வரிசையில் நிற்பதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்க்கிறாள். அடுத்த வாரம் அவள் வந்து பரிசோதனைக்குக் கையை நீட்டுகிறாள். ஐந்து ஆண்டுகள் நாங்கள் கூவிக் கூவி வராத கூட்டம், மாத்திரை வந்த ஆறு மாதத்தில் கிளினிக் கதவு திறப்பதற்கு முன்பே திண்ணையில் உட்கார்ந்திருந்தது. தடுப்பு வேறு, சிகிச்சை வேறு என்று பிரித்து, ஒன்றுக்குப் பணமில்லாததால் மற்றொன்றை மட்டும் செய்வோம் என்று பேசிய அறிஞர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்தவர்கள் அப்படிப் பிரித்துப் பேசியதே இல்லை.

மேலிருந்து வந்த குழப்பம் அதன் பிறகும் நிற்கவில்லை. சுகாதார அமைச்சர் மான்டோ ட்சபலாலா-ம்சிமாங் பூண்டு, எலுமிச்சை, பீட்ரூட் என்று பேசிக்கொண்டே இருந்தார். 2006 டொரன்டோ மாநாட்டில் தென்னாப்பிரிக்க அரங்கில் அவற்றையே காட்சிக்கு வைத்தார்கள். டர்பனில் ‘உப்ஹெஜானே’ என்றொரு மூலிகைக் கஷாயம் பிளாஸ்டிக் பாட்டில்களில் விற்றது. நீல மூடி ஒன்று, வெள்ளை மூடி ஒன்று. மாத்திரையை நிறுத்திவிட்டு அதைக் குடித்தவர்கள் திரும்பி வந்தபோது சிலருக்கு நேரம் கடந்துவிட்டிருந்தது. அதே ஆண்டு, முன்பு தேசிய எய்ட்ஸ் குழுவுக்குத் தலைமை வகித்த ஜேக்கப் ஜூமா, பாலியல் வன்முறை வழக்கில் சாட்சி சொல்லும்போது, தொற்றுள்ள பெண்ணுடன் உறவுக்குப் பின் ஷவரில் குளித்ததாகச் சொன்னார். வழக்கிலிருந்து விடுதலையானார். அவர் எங்கள் மாகாணத்துக்காரர், மக்களின் செல்லப்பிள்ளை. மறுநாளிலிருந்து லாரி நிறுத்தத்தில் டிரைவர்கள் எங்களைப் பார்த்துக் கேட்டது: “குளித்தால் போதுமாமே?” பாதி கிண்டல். மற்ற பாதிக்காக அன்று இரவு முழுக்கப் பேச வேண்டியிருந்தது.

2008 செப்டம்பரில் எம்பெக்கி பதவி விலக, பார்பரா ஹோகன் சுகாதார அமைச்சரானார். எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணம் என்று அவர் மேடையில் சொன்னது செய்தித்தாளில் தலைப்புச் செய்தியாக வந்தது. அது தலைப்புச் செய்தியாக வேண்டிய நாட்டில் அவ்வளவு ஆண்டுகள் இருந்திருக்கிறேன். நாங்கள் ஊர் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்த வாரங்களில் ஹார்வர்ட் ஆய்வாளர்களின் கணக்கு வெளியானது. 2000க்கும் 2005க்கும் இடையில் மருந்தைத் தாமதித்ததால் போன உயிர்கள் 3,30,000க்கு மேல். தொற்றோடு பிறந்த குழந்தைகள் 35,000. அதில் எத்தனை பேர் அந்த டாக்ஸித் தாளை மார்புக்குள் வைத்துக்கொண்டு போனவர்கள் என்று யோசித்தேன்.

என் ஜோடியோடு இப்போதும் வாட்ஸப்பில் பேச்சு உண்டு. களப்பணியை அவள் விடவில்லை. நாட்டில் இன்று 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். உலகத்திலேயே பெரிய சிகிச்சைத் திட்டம் அது. மருந்து கொடுக்க மறுத்த அதே அரசுதான் இப்போது அதற்கான பணத்தில் பெரும்பங்கைத் தன் கஜானாவிலிருந்து கொடுக்கிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா உதவியை நிறுத்தியபோது மாத்திரை நிற்கவில்லை. நின்றது வேறு: பாலியல் தொழிலாளர்களுக்கென்று தனியாக நடந்த கிளினிக்குகள், களப்பணியாளர்களின் சம்பளம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனகாபவிர் ஊசி, தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில், போட்டுக்கொண்ட இளம்பெண்கள் ஒருவருக்குக்கூடத் தொற்று வராமல் காத்தது என்று தெரிந்த மறு ஆண்டே இப்படி.

அவளுக்கும் வேலை போனது. லாரி நிறுத்தப் பெண்களைப் பொது கிளினிக்குக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அங்கே பதிவு மேசையில் இருப்பவர் என்ன தொழில் என்று உரக்கக் கேட்கிறாராம். அதனால் செவ்வாய்க்கிழமைகளில் இவள் அவர்களோடு போய் வரிசையில் நிற்கிறாள். மேசைக்கு வந்ததும், “இவங்க என் தங்கச்சிங்க, மாத்திரை வாங்க வந்திருக்கோம்” என்று இவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறாளாம். “வாரம் ஒரு புதுத் தங்கச்சி. அந்தம்மா என் குடும்பத்தைப் பார்த்து மிரண்டுபோயிருக்கா” என்று போன வாரம் குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.